உன் பேச்சுக்கு எழுதிய விதிகள்

இன்று காலை அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்குக் கொண்டுவருவேனே அந்த மடிக்கணினியில், ஒரு கோப்பைத் திருத்த உட்கார்ந்தேன். எடிட்டரில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்ததும், மேல்நோக்கிய அம்புக்குறியின் மேல் விரல் தவறிப் பட்டுவிட்டது. பழைய தேடல்களை அந்தப் பெட்டி மறக்காது என்பது உனக்குத் தெரியாததா? மேலே ‘வீ’ என்று வந்து நின்றது. அதற்கு முன்னால் ஓர் இடைவெளியோ வரியின் தொடக்கமோ இருந்தாக வேண்டும் என்று சொல்லுகிற உன்னுடைய குறிகள். கீழே, மாற்றவேண்டிய இடத்தில், ‘ஊ’.

வீடு என்று இருந்தால் ஊடு என்று ஆக்கு. அந்த வரி சொல்வது அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரர், “என்ன மேடம், தலைவலியா?” என்று கேட்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன். இங்கே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாம் இருவரும் மதியச் சோறு தின்ற இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கீழே சேலத்து ஐந்து ரோட்டு முக்கில் வண்டிகளின் இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஏற்காடு மலை மட்டும் வெயிலில் மங்கித் தெரிகிறது.

நான் இந்த அலுவலகத்துக்கு வந்த புதிதில் நீ எனக்கு எதிர்வரிசையில் இருந்தாய். லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. டயர் கடைக்கு மேலே இரண்டே அறைகள். நாமக்கல் ஆபீஸ் ஒன்று தன் பழைய கணக்கையெல்லாம் ஒரே கோப்பாகக் கொடுத்திருந்தது. அதில் வண்டி எண்களை ஆளாளுக்கு ஒரு விதமாக அடித்திருந்தார்கள். சிலர் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள், சிலர் கோடு போட்டிருந்தார்கள், சிலர் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். ஒரே லாரி நாலு லாரியாகத் திரிந்தது. நான் வரிவரியாகப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது. நீ டீ டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றாய்.

“என்ன புள்ள, அரிசியில கல்லுப் பொறுக்கற மாதிரி உக்காந்திருக்க?”

விசைப்பலகையை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். முதலில் இரண்டு எழுத்து, பிறகு இடைவெளியோ கோடோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பிறகு இரண்டு இலக்கம், இப்படி எண்ணுக்குப் பதிலாக எண்ணின் உருவத்தை அந்தத் தேடல் பெட்டியில் எழுதினாய். கோப்பு முழுவதும் வண்டி எண்கள் ஒரே நேரத்தில் மஞ்சளாக எழுந்து நின்றன. எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. நீ சொன்னாய்: “கண்ணால தேடாத. அதோட சாடை என்னன்னு மட்டும் சொல்லு. அதுவா எல்லாத்தையும் கூட்டியாந்து நிறுத்தும்.”

எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை நோக்கிப் போன என் கையைப் பிடித்தாய். “பொறு. மாத்தறதுக்கு முன்னால என்னென்ன சிக்கியிருக்குன்னு ஒருக்கா பாத்துக்கோணும்.” பார்த்தோம். வண்டி எண்களோடு யாரோ ஒருவரின் உரிம எண்ணும் மாட்டியிருந்தது.

கல்லூரியில் இதற்கு ஒரு பாடமே இருந்தது. நான் தேர்வும் எழுதித் தேறியவள். ஆனால் அதை வைத்துச் சிரிக்கலாம் என்பது உன்னிடம் வந்த பிறகுதான் தெரிந்தது. அடைப்புக்குறிக்குள் கிடந்த குறிப்புகளையெல்லாம் அழிக்கப் போய், ‘எது வந்தாலும், எவ்வளவு வந்தாலும்’ என்று பொருள்படும் புள்ளியும் நட்சத்திரமும் போட்டு, முதல் அடைப்பில் தொடங்கிக் கடைசி அடைப்பு வரை நடுவிலிருந்த பாதிக் கணக்கையும் சேர்த்து நான் விழுங்க வைத்த நாள் நினைவிருக்கிறதா? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். “அது பேராசை புடிச்சது புள்ள. கண்ணுக்கு எட்டின வரைக்கும் திங்கும். பின்னாடியே ஒரு கேள்விக்குறி போடு, அடங்கிக்கும்.”

“நம்ம முதலாளிக்குப் பின்னாடி ஒன்னு போடலாமா?” என்றேன்.

அவர் அறையிலிருந்து எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

அப்போது நீ அம்மாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தாய், மகள் யாழினியோடு. உன் வீட்டுக்காரர் குமரேசன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியோடு வடக்கே மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விடுவார். மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் வீடு பூட்டியே கிடந்தது. மாலையில் நான் சில நாள் உன்னோடு வருவேன். நீ சமைத்துக்கொண்டே, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரிடம், “ஏனுங்க, இன்னைக்கு எத்தன அடி போச்சு, தண்ணி வந்துச்சுங்களா?” என்று கேட்பாய். முதலில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கணவன் மனைவி பேச்சில் அத்தனை ‘ங்க’ எங்கள் பக்கம் கிடையாது.

பிறகு ஒருநாள், ஒரு லாரிக்காரர் தொலைபேசியில், “ஏம்மா, வாயில வெத்தலையா? பேச்சு வெளங்கலையே” என்று கேட்டார். அதையும் சொல்லிச் சிரித்தாய். அடுத்த மாதம் ‘லாரி’ என்ற சொல்லின் கடைசி எழுத்து உன் வாயில் நிற்காமல் வழுக்கியது. பல் வைத்தியரிடம் போனாய், காது மூக்கு வைத்தியரிடம் போனாய். சேலத்தில் ஒருவர் மறுபேச்சில்லாமல் கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். குமரேசன் வந்து சேர நாளாகும் என்பதால் நான்தான் உன்னோடு வந்தேன். தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், முதலில் பேச்சு, பிறகு கை, பிறகு மற்றவை என்றார் மருத்துவர். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார், ஆறுதல்போல.

திரும்பும் பேருந்தில் சங்ககிரி வரை மருத்துவச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாய். பிறகு, ஒவ்வொரு சொல்லையும் நாவால் தூக்கி வைப்பதுபோல மெதுவாகக் கேட்டாய்: “புத்தி தெளிவா இருக்கும்னாரே... அது நல்லதுக்கா புள்ள, கெட்டதுக்கா?”

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்தக் கையில் நல்ல பிடி இருந்தது.

குமரேசன் போர் லாரியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வடக்கே போகவே இல்லை. உன்னையும் யாழினியையும் சேந்தமங்கலத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார். கொல்லிமலை வீட்டின் பின்சுவரிலேயே சாய்ந்து நிற்பதுபோலத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ராசிபுரம் வழியாக வருவேன். ஒவ்வொரு முறையும் உன் பேச்சில் இன்னும் சில சொற்கள் கழன்றிருக்கும். ஒரு ஞாயிறு, நான் உள்ளே வந்ததும் நீ வாயைத் திறந்தாய். மூச்சு மட்டும் வந்தது. மடிக்கணினியை எடுத்து, ‘வா புள்ள’ என்று அடித்துக் காட்டினாய்.

எழுதுவதை வாசித்துக் காட்டும் குரல் ஒன்றைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். நீ அடித்தால் அது பேசும். முதன்முதலாக அதை இயக்கியபோது நாம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நீ யாழினிக்காகத்தான் எழுதினாய். அடிக்கச் சுலபமாக இருக்கும் என்று, கணினி தானாக எடுத்துக் கொடுத்த சொற்களையே வைத்து எழுதினாய். குரல் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னது: “மகளே, நீ சாப்பிட்டாயா? வீட்டுப்பாடம் செய்துவிட்டாயா?”

யாழினி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். “அது எங்கம்மா இல்ல,” என்றாள். “அதை நிறுத்துங்க அத்தை.”

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. குரலை அணைத்துவிட்டு, எனக்கு மட்டும் எழுதியிருந்தாய்: ‘அவ சொல்றது சரிதான். நான் எப்ப மகளேன்னு கூப்பிட்டேன்? கை வலிக்குது புள்ள, நீட்டி அடிக்க முடியல. நான் சுருக்கி அடிக்கிறேன். அதை நான் பேசற மாதிரி மாத்தறதுக்கு நீ விதி எழுது. நாமதான் லாரி நெம்பரையெல்லாம் மாத்தினமே.’

அப்படித்தான் அது தொடங்கியது. நான் வாழப்பாடிக்காரி, எங்கள் பக்கம் வீடு வீடுதான், வருகிறேன் என்றால் வரேன்தான். உன் பேச்சைக் காதால் அத்தனை ஆண்டு கேட்டிருந்தும், அதற்கு ஒரு விதி எழுத உட்கார்ந்தபோது ஒன்றுமே பிடிபடவில்லை. நீ ஒற்றை விரலால் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாய். குமரேசனும் கட்டில் காலடியில் உட்கார்ந்து, “அப்படிச் சொல்ல மாட்டாளுங்க அம்மிணி, இப்படித்தான் சொல்லுவா,” என்று உன்னைப் போலவே பேசிக் காட்டுவார். கனத்த உடம்புக்காரர் உன் குரலில் பேச முயல்வதைப் பார்த்து நீ கண்களால் சிரிப்பாய்.

சொல்லின் எல்லையைக் காட்டும் குறியைப் போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. அரைமணி நேரம் நான் திணறுவதைப் பார்த்துவிட்டு நீ அடித்தாய்: ‘அதுக்குத் தமிழ் எழுத்து எழுத்தாவே தெரியாது. இடைவெளியைப் புடி.’ ‘வீ’யில் வகரத்தை மட்டும் தேடி எடுத்தபோது, அதன் தலையில் இருந்த சுழி தனியாகக் கழன்று, புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு அநாதையாக நின்றது. கிறேன் என்பதை றேன் ஆக்கியதும், வருகிறேன் என்பது ‘வருறேன்’ என்று வந்தது. ‘பொது விதிக்கு முன்னால தனி விதி வரோணும்’ என்று எழுதினாய். வாரேன் என்பதைத் தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம். ‘சா’ என்று தொடங்கினால் மகளிடம் பேசுகிறாய். முன்னால், பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும் ‘சாமி’ சேர வேண்டும். ‘ஏ’ என்றால் குமரேசனிடம். முன்னால் ஏனுங்க, முடிவில் ங்க. ‘பு’ என்றால் நான். மற்றதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் பிடித்துவைத்து, அப்படியே மறுபக்கம் இறக்கினோம்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘வி’யை ‘உ’ ஆக்கிய அன்றுதான் அந்தக் கூத்து நடந்தது. விட்டு என்பது உட்டு ஆனது, விழுந்தது உழுந்தது ஆனது. எல்லாம் சரி என்று நிமிர்ந்தோம். நீ யாழினியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டாய். குரல் கணீரென்று சொன்னது: “சாமி, உமலா மிஸ் என்ன சொன்னாங்க?”

யாழினி ஒரு நொடி திகைத்தாள். பிறகு, “உமலா மிஸ்ஸா!” என்று கத்திக்கொண்டு தரையில் விழுந்து புரண்டாள். விமலா மிஸ் வகுப்பில் வரும்போதெல்லாம் இனித் தனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்றாள். குமரேசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் தோள்கள் குலுங்கின. சத்தம் வராத சிரிப்பு, கண்ணோரம் நீர். அந்தப் பெயரைக் காப்பாற்றத் தனி விதி எழுதப் போனேன். யாழினி என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். “வேண்டாம் அத்தை, அது அப்படியே இருக்கட்டும்.”

பிறகு அவள் உன் கட்டிலில் ஏறி, உன் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். நீ ஒரே ஒரு வரி அடித்தாய். குரல், “சாமி, சோறுண்டியா?” என்றது. “இன்னும் இல்லம்மா,” என்றாள் அவள், குரல் வந்த மடிக்கணினிப் பெட்டியைப் பார்க்காமல், உன் முகத்தைப் பார்த்து.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நாம் எல்லோரும் ஏதோ ஜெயித்துவிட்டதுபோல இருந்தோம். எடிட்டரில் ஒவ்வொன்றாக மாற்றுவதை விட்டு, விதிகளை வரிசையாக அடுக்கி, ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் ஓடிக் குரலாக வரும்படி செய்தேன். நீ அந்தப் பெட்டியைக் கொண்டு வீட்டையே நடத்தினாய். பால்காரரை அதட்டினாய். குமரேசன் குழம்பில் உப்பைக் கூட்டியபோது, “ஏனுங்க, கடல்ல போர் போட்டீங்களா?” என்று கேட்டாய். அது நீயேதான். குரல் யாருடையதோ, கேட்ட கேள்வி உன்னுடையது.

ஆனால் கை நின்றுகொண்டே வந்தது. முழுச்சொல் பாதிச் சொல்லானது, பாதி இரண்டு எழுத்தானது. நான் ஒவ்வொரு வாரமும் நீ அடிக்கவேண்டியதைக் குறுக்கிக்கொண்டே போனேன். நீ எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறாயோ, அவ்வளவு கூடுதலாக விரிக்க வேண்டியிருந்தது. எது உன் பேச்சு, எது நான் எழுதி வைத்தது என்ற கேள்வி எனக்குள் வந்தது. உனக்கும் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் மதியம், குமரேசன் வெளியே போயிருந்தபோது, வெகுநேரம் எடுத்து ஒரு வரி அடித்தாய். குரலை ஓடவிடவில்லை. ‘மாத்தற பெட்டியைக் காலியா உட்டுட்டுத் தட்டினா என்னாகும் புள்ள? சிக்கினதெல்லாம் அழிஞ்சிரும். என்னை அப்படித்தான் பண்ணிட்டிருக்குது.’

நான் அழுதேன். உன் முன்னால் அழக்கூடாது என்று அதுவரை வைத்திருந்த வைராக்கியம் போயிற்று. நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு விரலை நகர்த்தி ‘பு’ என்ற எழுத்தையும் இன்னொன்றையும் தொட்டாய். குரல் சொன்னது: “புள்ள, டீ குடிச்சியா?”

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு மதியம், அலுவலகத்தில் இருந்தேன். குமரேசன் கைப்பேசியில் பேசினார். “அம்மிணி,” என்றார். அவர் பின்னாலும் மழை இரைந்தது. “போயிட்டாளுங்க. சோறூட்டிட்டு, வாயைத் தொடச்சுவிட்டேன். மூச்சு வாங்கற மாதிரி இருந்துச்சு. அப்படியே நின்னுருச்சுங்க.”

நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் தகரம் போட்டிருந்தார்கள், அதன் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாழினி அழவில்லை. புதுச் சட்டை ஒன்றை யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள்; கழுத்துப் பொத்தான் போடாமல் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, என் முந்தானையை இழுத்து, காதருகில் கேட்டாள்: “அத்தை, அம்மா பெட்டியில சார்ஜ் கொறஞ்சிருச்சு. போட்டு வெக்கட்டுமா?”

போடு சாமி என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். குமரேசன் வெளியே கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கேட்டது: “சாமி, பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?”

வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“அவதானுங்க,” என்றார் குமரேசன், தலையைத் தூக்காமல். “பள்ளிக்கூடம் உட்டு வந்தா அதுங்கூடத்தான் உக்காந்திருக்கா. அதை அழிச்சிருங்க அம்மிணி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அது ஏனுங்கன்னு கூப்பிடுதுங்க. பொட்டிதான்னு தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொருக்காவும் திரும்பிப் பாத்துடறேன்.”

உள்ளே போனேன். உன் கட்டிலில், நீ சாய்ந்திருந்த பக்கம் காலியாக விட்டு, யாழினி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நீ இருந்தபோது பார்த்துப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். ‘ப’ என்றால் பள்ளிக்கூடம். ‘தூ’ என்றால் தூங்கு சாமி. அவளே எழுதிய விதிகள்; ஒரு பிழை இல்லை. அடைப்புக்குறிகள்கூடச் சரியாக மூடியிருந்தன. அதைப் பார்த்து உனக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்.

“அத்தை,” என்றாள், “இது கேக்குது. நான் பதில் சொல்றேன். ஆனா நான் கேட்டா இது ஒன்னும் சொல்ல மாட்டேங்குது. அம்மா பதில் சொல்ற மாதிரி ஒரு விதி எழுதிக் குடுங்களேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் உன் மகள்.

“தேடறதுக்கு முதல்ல ஏதாவது எழுதியிருக்கணும் சாமி. எழுதினதைத்தான் மாத்த முடியும். எழுதாததை நம்மால கொண்டுவர முடியாது.”

“அப்படின்னா அம்மா புதுசா ஒன்னுமே சொல்ல மாட்டாங்களா?”

“மாட்டாங்க சாமி.”

அவள் திரையைப் பார்த்தாள். உதடு கோணியது. உன்னைக் கிடத்தியிருந்த அன்றிலிருந்து அழாத பிள்ளை, அன்றைக்குக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வயிற்றிலிருந்து வந்த அழுகை. குமரேசன் ஓடிவந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “நானும் கேக்கறேன் சாமி, எனக்கும் ஒன்னும் சொல்ல மாட்டேங்குது,” என்று அவர் சொன்னதும் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

அந்த விதிகளை நான் அழிக்கவில்லை. அழிப்பதும் வைப்பதும் அவர்கள் இருவரின் உரிமை என்று பட்டது. அடுத்த வாரம் போனபோது யாழினியே என்னை ஒரு பக்கமாக அழைத்துப் போய்ச் சொன்னாள்: “‘ஏனுங்க’ங்கறதை மட்டும் எடுத்துட்டேன் அத்தை. அப்பா திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. பாவமா இருக்கு.” மற்றவை இருந்தன. பிறகு அவளே அந்தப் பெட்டியைத் திறப்பது குறைந்தது. இப்போது வாரக்கணக்கில் மூடியே கிடக்கிறது. குமரேசன் ஊரிலேயே தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறார். மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதவில்லை என்று அவள் அவிழ்த்துத் தானே பின்னிக்கொள்கிறாள். வளர்ந்துவிட்டாள். உன் நெற்றி, உன் நடை.

போன ஞாயிறு கேட்டாள்: “அத்தை, அம்மா குரல் நெசமாலுமே எப்படி இருக்கும்?”

அவளுக்கு மறந்துகொண்டிருக்கிறது. உன் பேச்சு குழறத் தொடங்கியபோது அவள் சின்னப்பிள்ளை. கைப்பேசியில் இருக்கும் காணொளிகளில் நீ எடுப்பவளாகத்தான் இருக்கிறாய். அவற்றில் அவள் ஆடுகிறாள், அவள் பாடுகிறாள். பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த ஒன்றில் மட்டும் நீ ஏதோ சொல்கிறாய். ஒலிபெருக்கி உன்னை விழுங்கிவிட்டது. உன் வீட்டுக்காரர் அத்தனை வருஷம் வடக்கேயிருந்து தொலைபேசியில் கேட்டது ஒன்றும் எங்கேயும் இல்லை. போய்விடும் என்று யார் நினைத்தோம்?

நான் பேசிக் காட்டினேன். அம்மாப்பேட்டையில், பொழுது சாயும் நேரத்தில், தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் அவளை நீ படிக்கட்டிலிருந்து கூப்பிடுவாயே, அதைச் சொன்னேன். “யாழீ... பொழுதாச்சு, ஊட்டுக்கு வா சாமி.” அவள் கண்களை மூடிக் கேட்டாள். பிறகு திறந்து, மெல்லத் தலையசைத்தாள். “அது நீங்க பேசற மாதிரிதான் இருக்குது அத்தை.”

எனக்குள் அது அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பு. பெயரின் கடைசியில் ஓர் இழுப்பு. சிரிப்பதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுக்கிற அந்தச் சின்ன ஓசை. ராசிபுரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தானாக வந்து பேசுகிறது. இந்த உலகத்தில் இன்னும் அதைத் தெளிவாகக் கேட்பவர்கள் நானும் குமரேசனும்தான். அதை எடுத்து உன் மகளின் காதில் வைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

“இன்னொருக்கா சொல்லுங்க,” என்றாள் அவள், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உன்னைப் போல இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன்.